முதற்பிரதி வாங்கப் போகிறவள்

அந்தப் படத்தை முகநூலில் போட்டவள் நான்தான். கோகிலா தேயிலைக் கொழுந்து எடுக்கும் படம். எட்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை... உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்பதும் சரியாகத் தெரியவில்லை!

கோகிலா எழுதிய நாவல் வரும் ஞாயிற்றுக்கிழமை பதுளையில் வெளியாகிறது. இளையோருக்கான நாவல், வருங்காலத்தில் நடக்கும் கதை. முகநூலில் அவளே எழுதியிருந்தாள்: அந்தக் காலத்தில் இணையத்தில் போட்ட எதையும் யாராலும் அழிக்க முடியாது. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, தன் படத்தைப் போட்டவர் யாரென்று தேடிப் புறப்படுகிறாள்.

படித்ததும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு எடுத்து இதயக்குறி போட்டேன். வேறென்ன செய்வது?

நாங்கள் இருவரும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மேல் லயத்தில் அவள், கீழ் லயத்தில் நான். பதுளையில் பெரிய பாடசாலையில் இடம் கிடைத்தபோது பேசி வைத்துக்கொண்டோம்: லயம் என்று மூச்சு விடக்கூடாது. ஊர் கேட்டால் பதுளை. அப்பாவுக்கு ஆபீஸில் வேலை. பஸ்ஸில் ஒன்றாக வருவோம், சப்பாத்தில் ஒட்டிய தோட்டத்து மண்ணை டவுன் குழாயில் கழுவுவோம், வகுப்பில் தள்ளித் தள்ளி உட்காருவோம்.

சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. "நம்ம வகுப்புல ஒருத்தி தோட்டத்துக்காரியாம்!" எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் பார்த்தார்களா? இன்றுவரை தெரியாது...

அந்த விடுமுறையில் கோகிலா தன் அம்மாவுக்குத் துணையாகக் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருந்தாள். தலையில் கயிறு, முதுகில் கொழுந்துச் சாக்கு, இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குத் துணி. மேல் ரோட்டில் நின்று படம் எடுத்தேன். அவள் நிமிரவில்லை. எதற்காக எடுத்தேன்? அழகாக இருந்தாள் என்றுதான் எடுத்தேனோ? அப்படித்தான் நினைக்க ஆசைப்படுகிறேன்.

இரண்டு நாள் கழித்து, இல்லாத ஒருத்தியின் பெயரில் முகநூல் கணக்குத் திறந்தேன். கோகிலா உட்பட வகுப்பு முழுவதையும் நண்பராக்கினேன். படத்தின் மேல் எழுதினேன்: "எங்கள் வகுப்பு ஆபீஸர் மகள்."

அதன்பின் என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. கோகிலா பாடசாலைக்கு வரவேயில்லை.

நான் அவளைப் பார்க்கப் போனேன்! ஆறுதல் சொல்லவா, என்மேல் சந்தேகமா என்று அறியவா... இரண்டும்தான். "அழாதடி. எவன் செஞ்சானோ, அவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்றேன். அவள் அம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

போன வாரம் கோகிலா அழைத்தாள்.

"மொதப் பிரதிய நீதான்டி வாங்கணும்."

மேடையில், எல்லோர் முன்னாலும், முதல் புத்தகத்தைக் கைநீட்டி வாங்குகிற மரியாதை! பாடசாலை அதிபர்களுக்கும் டாக்டர்களுக்கும் கொடுப்பது.

"நானா? பெரிய ஆளுங்க யாரையாச்சும் கூப்பிடேன்டி."

"படம் வந்தப்போ எங்க லயத்துக்கு வந்தவ நீ ஒருத்திதானே."

வருகிறேன் என்றேன். சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்!

நேற்றுப் பின்னேரம் அந்தப் பழைய கணக்கைத் திறந்தேன். அழித்துவிடத்தான் திறந்தேன். எட்டு வருடமாகியும் கோகிலா அதை நட்பிலிருந்து நீக்கவில்லை... ஏன்? செய்திப் பெட்டியில் அவளிடமிருந்து அழைப்பிதழ் வந்திருந்தது. அதன் கீழே இரண்டு வரி.

"நீங்களும் கட்டாயம் வாங்க. முன்வரிசையில ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்."

இரண்டு பேரும் நான்தான் என்று தெரிந்துதான் அழைத்தாளா? தெரியாமல் அழைத்தாளா? என்னை மன்னித்துவிட்டாளா, மாட்ட வைக்கிறாளா? எது நடந்தால் நல்லது என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கணக்கை இனி அழித்தும் பயனில்லை. அந்தச் செய்தி வாசிக்கப்பட்டுவிட்டது என்று அவளுக்குக் காட்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைக்குச் சேலை தேய்த்து வைத்திருக்கிறேன். மேடையேறுவேன். கை நீட்டுவேன். அப்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாளா... முன்வரிசையில் காலியாகக் கிடக்கும் அந்த நாற்காலியைப் பார்ப்பாளா?