பெயர் போடாத பாட்டுக்காரி

கிண்ணியாவில் தெருத்தெருவாகப் பாண் விற்கிற ஓட்டோ ஓட்டுகிற ஜவாஹிருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பேக்கரியில் தட்டை நீட்டினால், அடியில் நேற்றைய பணிஸ் கிடக்கிறதா என்று கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவார். வழக்கமாக இரண்டு ரோஸ் பாண் வாங்குகிற வீட்டில் ஒருநாள் ஒன்று போதும் என்றால், அந்த வீட்டில் யாரோ வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். மூன்று கேட்டால் போனவர் திரும்பிவிட்டார், ஆனால் ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று யோசிக்கத் தொடங்குவார். பாதிக்குப் பாதி சரியாகவும் இருந்துவிடும். அதுதான் அவரைக் கெடுத்தது.

நாட்டில் ஓடுகிற எல்லாப் பாண் ஓட்டோக்களிலும் ஒலிக்கிற அதே மெட்டுத்தான் இவருடைய வண்டியிலும் ஒலித்தது. ஆனால் இவருடைய ஒலிபெருக்கிப் பெட்டியில் அது நடுவில் ஓரிடத்தில் விக்கும். விக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மேலே போகும். திருத்தச் சொன்னவர்களிடம், இந்த விக்கலைக் கேட்டுத்தானே சனம் நான் வருகிறேன் என்று வாசலுக்கு வருகிறது என்பார். ஊரில் அவருக்கு விக்கல் பாண்காரர் என்றே பெயர். பள்ளிவாசலைத் தாண்டும்போது தொழுகை நேரமென்றால் சத்தத்தை நிறுத்திவிடுவார். சாவு விழுந்த மௌத்து வீடு உள்ள ஒழுங்கையிலும் நிறுத்துவார். இந்த இரண்டு மரியாதையும் தனக்கு உண்டு என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

மாசி மாதத்தில் ஓர் அல்பம் வந்து இந்தப் பெருமையைக் கிளறிவிட்டது.

அதை வெளியிட்டவள் பிரியதர்சினி. திருகோணமலை நகரத்துப் பிள்ளை. கிற்றார் வாசித்துப் பாடுவாள். அவளுடைய குழுவில் ட்ரம்ஸ் அடிப்பதுகூட ஒரு பெண்தான். அவர்களுடைய முதல் அல்பம் முழுக்க ரொக். அதைக் கேட்டவர்கள் கொஞ்சப் பேர். காதைப் பொத்தியவர்கள் அதிகம். இரண்டாவதற்கு ‘கரைக்கு இந்தப் பக்கம்’ என்று பெயர் வைத்திருந்தாள். அதில் வயலில் களை பிடுங்குகிற பெண்கள் பாடுகிற கவிகளைக் கிற்றாரோடு சேர்த்திருந்தாள். கவிகளைப் பாடியது அவளுடைய குரல் அல்ல. வேறொரு பெண்ணின் குரல், கொஞ்சம் தடித்த, அவசரப்படாத குரல். பாடியவரின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘கிண்ணியாவில் ஒருவர்’ என்று மட்டும் போட்டிருந்தது.

பெயர் போடாத பெண் என்றால் ஊர் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் அந்தப் பாட்டுகள் போனுக்குப் போன் தாவிவிட்டன. ஜவாஹிர் பாண் கொடுக்கிற வீடுகளில் குசினிக்குள் இருந்து முணுமுணுப்புக் கேட்டது. எல்லோருக்கும் பிடித்தது ஒரு கவி:

கதவெல்லாம் எட்டிப் பார்த்துக்
கதை பொறுக்கும் என் மச்சான்
கட்டினவ கண்ணைப் பார்த்துக்
கதைச்ச நாள் எந்த நாளோ

முதன்முதல் கேட்டபோது ஜவாஹிர் வாய்விட்டுச் சிரித்தார். எந்த மடையனுக்கு வாய்த்த பெண்சாதியோ, நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறான் என்று போகிற வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

போன் திருத்துகிற இன்ஷாப்தான் அண்ணன் முறை சொல்லி அவரைக் கடைக்குள் கூப்பிட்டான். “காக்கா, உங்கட வண்டி பாட்டில வந்திருக்கு. கேளுங்க.”

“என்ட வண்டிதான் எண்டு எப்பிடிச் சொல்லுறாய்? நாட்டில எத்தின பாண் ஓட்டோ ஓடுது.”

“விக்குதே.”

கடைசிப் பாட்டு முடிகிற இடத்தில், கிற்றார் அடங்கிப் போன பிறகு, தூரத்தில் அந்த மெட்டு வந்தது. கிட்ட வந்தது. விக்கியது. இன்னும் கிட்ட வந்து, சட்டென்று நின்றது. பிறகு ஏதோ மெல்லிய சத்தங்கள், ஒரு பெண்ணின் சிரிப்பு, அதோடு அல்பம் முடிந்தது. வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்றான் இன்ஷாப்.

ஜவாஹிருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. கொழும்பிலும் கனடாவிலும் தன்னுடைய விக்கலைக் கேட்கிறார்கள் என்பது சின்ன விஷயமா? அடுத்த நிமிடமே பழைய புத்தி எழும்பிவிட்டது. மெட்டு நின்ற இடம் எது? அது தெரிந்தால் வீடு தெரியும். வீடு தெரிந்தால் ஆள் தெரியும். ஊரில் அதைச் சொல்லக்கூடிய ஒரே மனிதர் தான்தான் என்று அவருக்குப் பட்டது.

இதை அவர் மனத்துக்குள் வைத்திருந்திருக்கலாம். போய்ச் சொன்னது யாரிடம் என்றால் அலியார் ஹாஜியாரிடம். பாலத்துக்குக் கிட்ட இரும்புக்கடை வைத்திருக்கிற அலியாரின் மகனுக்குத்தான் ஜவாஹிரின் ஒரே மகள் ஜுமானாவைப் பேசி முடித்திருந்தது. நோன்பு கழியக் கலியாணம். பையன் நல்லவன், ஜுமானாவுக்கும் பிடித்திருந்தது. தகப்பன்தான் எதையும் உரசிப் பார்க்கிற ஆள்.

“கவி எண்டு சொல்லிக் கிற்றாரோட கூத்தடிக்கிறாளுகள்” என்றார் அலியார். “எந்த வீட்டுப் பொம்புளை எண்டு தெரிஞ்சா, அந்த வீட்டுப் பக்கமே நான் தலைவெச்சும் படுக்கமாட்டன். சம்மந்தமெல்லாம் பேச ஏலா.”

“வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய வீட்டைச் சொல்லுறன் ஹாஜியார்” என்றார் ஜவாஹிர். “என்ட வண்டி எங்க நிக்குதெண்டு எனக்குத் தெரியாதா?”

அவர் சத்தத்தை நிறுத்துகிற இடங்கள் இரண்டுதான். மௌத்து வீடுகள் மாறிக்கொண்டிருப்பவை. ஆகவே பள்ளிவாசல்தான். பள்ளிவாசலுக்கு நேர் முன்னால் இருப்பது சப்ரினா டீச்சரின் வீடு. குழந்தை பிறந்து லீவில் நிற்கிறாள். பின்னேரங்களில் அந்த வீட்டு ஜன்னல் எல்லாம் சாத்திக் கிடப்பதை ஜவாஹிர் முன்பே கவனித்து வைத்திருந்தார். இந்த வெக்கையில் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் உள்ளே என்ன செய்கிறார்கள்?

அடுத்த நாள் அங்கே வண்டியை நிறுத்தி, மீன் வைத்த மாலுபாணைக் கடதாசியில் சுற்றுகிற சாக்கில் மெதுவாகத் தொடங்கினார். “டீச்சர் முந்தி பள்ளிக்கூடத்தில பாடுறனீங்கதானே?”

“இப்பவும் பாடுறன், பாண் காக்கா. பிள்ளை உறங்கட்டும் எண்டு.”

“அதுக்கேன் ஜன்னலைச் சாத்துறீங்க?”

சப்ரினா அவரை ஒரு பார்வை பார்த்தாள். “உங்கட விக்கல் சத்தத்துக்குப் பிள்ளை எழும்புது. அதான்.”

வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். ஜவாஹிருக்கு அந்தப் பதில் வழுக்கலாகப் பட்டது. போகிற வழியில் இரண்டு பேரிடம், பள்ளிவாசல் பக்கம்தான் போலக் கிடக்கு என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போனார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது மனைவி றுக்கியா குசினியில் நின்றாள். வாசலில் கை தன்பாட்டில் சத்தத்தை நிறுத்த, இறங்கி வெளிவாசல் படலையை இழுத்தார். தகரப் படலை சீமெந்தில் உரசிக் கத்தியது. அதைத் திருத்துங்கள் என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தாள். ஜவாஹிர் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே சப்ரினாவின் ஜன்னல்களைப் பற்றிச் சொன்னார். றுக்கியா கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

“அந்தப் பிள்ளையா இருக்காது” என்றாள் கடைசியில்.

“உனக்கென்ன தெரியும்?” என்றார் ஜவாஹிர்.

வியாழக்கிழமை பின்னேரம், ஆதாரம் கையில் இருக்கட்டும் என்று இன்ஷாப்பின் கடைக்குப் போனார். இன்ஷாப் பெரிய ஹெட்போன் ஒன்றை அவருடைய காதில் மாட்டிவிட்டான். மெட்டு வந்தது, விக்கியது, நின்றது. இந்த முறை அதற்குப் பிறகு இருந்த மெல்லிய சத்தங்களும் துலங்கக் கேட்டன. எஞ்சின் அடங்கியது. ஓர் ஆண் இருமினான். பிறகு தகரம் சீமெந்தில் உரசிக் கத்தியது.

ஜவாஹிர் இன்னொரு தரம் போடச் சொன்னார். இருமியது அவர்தான். கத்தியது அவருடைய படலைதான். மௌத்து வீட்டையும் பள்ளிவாசலையும் யோசித்த மனிதருக்கு, ஒவ்வொரு நாளும் தன் வீட்டு வாசலில் சத்தத்தை நிறுத்துகிறோம் என்பது நினைவிலேயே வரவில்லை. அது வியாபாரம் இல்லாத வாசல். அவருடைய கணக்கில் அது வீடே இல்லை.

“என்ன காக்கா, ஆரெண்டு தெரிஞ்சிட்டா?” என்றான் இன்ஷாப்.

“இல்ல” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அது ஜுமானாவாகத்தான் இருக்கவேண்டும். பிரியதர்சினியோடு நகரத்தில் முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்குப் போனவள் அவள்தானே. பெட்டையின் வாழ்க்கையைப் பெட்டையே கெடுத்துக்கொண்டாள். அவரோ வீட்டைச் சொல்ல அலியாரிடம் நாளும் குறித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

வண்டியை ஒழுங்கை முனையில் விட்டுவிட்டு, திருடனைப்போல மதிலோரமாக நடந்து தன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்.

உள்ளே ஜுமானாவின் குரல். “உம்மா, கடைசி வரியை இன்னொருக்காப் பாடுங்க. வாப்பா வர முந்தி முடிச்சிருவம்.”

பிறகு அந்தக் குரல். கொஞ்சம் தடித்தது, அவசரப்படாதது.

படலை உரசுதெண்டு
பலதரம் நான் சொன்னேன் மச்சான்
பாட்டில ஏத்திவிட்டேன்
பார் இனி ஊர் கேட்கும்

தம்பலகாமத்துப் பக்க வயல்களில் குமரியாக இருந்தபோது றுக்கியா களை பிடுங்கப் போனவள் என்பது ஜவாஹிருக்குத் தெரியும். அங்கே பாடுவார்கள் என்பதும் தெரியும். இவள் பாடுவாள் என்பது தெரியாது. உப்புப் போதுமா, பாண் மிஞ்சியதா, நாளைக்கு என்ன கறி. இந்தக் குரலில் அவர் கேட்டிருந்தது அவ்வளவுதான். கதவெல்லாம் எட்டிப் பார்க்கிற அந்த மடையனும் இப்போது யார் என்று தெரிந்தது. அவனைச் சொல்லிச் சொல்லித் தெருத்தெருவாகச் சிரித்தது நினைவுக்கு வர, அவருக்கு வெட்கத்தில் காது சுட்டது. உள்ளே போய்ச் சத்தம் போடத்தான் வந்தார். போடவில்லை.

திரும்பிப் போய் வண்டியை எடுத்தார். மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். தன் வீட்டு வாசலில் கை பட்டனுக்குப் போனது, இழுத்துக்கொண்டார். மெட்டு விக்கி விக்கிப் படலையைத் தாண்டி, ஒழுங்கைக் கடைசி வரை போய்த் திரும்பியது. வழியில் சம்பந்தமில்லாத நாலைந்து வாசல்களில் மெட்டை நிறுத்தி நிறுத்திப் போட்டார். முன்வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அலியார் செருப்பைத் தேடுவதற்கு முன்பே ஜவாஹிர் அவரைத் தேடிப் பிடித்தார்.

“என்ன ஜவாஹிர், பள்ளிவாசலுக்கு முன்வீடு எண்டு கதை வருது.”

“இல்ல ஹாஜியார். அந்தப் பிள்ளையை ஒண்டும் சொல்லாதீங்க. தொழுகை நேரத்திலதான் நான் இங்க நிப்பாட்டுறனான். இங்க பதிஞ்சிருந்தா வாங்குச் சத்தமோ ஓதுற சத்தமோ கேட்டிருக்கும். பாட்டில ஒண்டும் கேக்கல்ல. நான் யோசிக்காமச் சொல்லிட்டன்.”

“அப்ப எந்த வீடு?”

“தெரியா.”

“உங்கட வண்டி எங்க நிக்குதெண்டு உங்களுக்கே தெரியாதா?”

“கண்ட கண்ட இடத்திலயெல்லாம் நிப்பாட்டுறனான் ஹாஜியார். நினைவில்ல.”

அலியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை ஜவாஹிருக்கு நன்றாகப் பழக்கம். ஊரையே அவர் அப்படித்தான் பார்த்து வந்திருந்தார். அந்தப் பார்வையை வாங்குகிற பக்கத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அலியாரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

“வாய்தான் பெரிசு” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அந்தத் தட்டு ஜவாஹிருக்கு ஏறத்தாழ இனித்தது. மகளின் கலியாணம் தப்பிப் பிழைத்துவிட்டது.

பின்னேரம் றுக்கியா பிளேன்டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

“நேத்தும் இண்டைக்கும் சத்தம் நிக்காம வாசலைத் தாண்டிப் போகுது” என்றாள்.

“பட்டன் பழுது.”

“மத்த வீட்டு வாசல்ல நிக்குதே.”

ஜவாஹிர் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு, “எனக்கேன் சொல்லல்ல?” என்றார்.

றுக்கியா கதிரையை இழுத்து எதிரில் உட்கார்ந்தாள். “நீங்களாக் கண்டுபிடிப்பீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தன். சப்ரினாட ஜன்னல் வரைக்கும் போனீங்க. இங்கால வரல்ல.”

“உன்னை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்ல, றுக்கியா.” அதை ஒரு நல்ல காரியமாகத்தான் அவர் சொன்னார். அவரைப் போன்ற ஒருவருக்கு அதைவிடப் பெரிய வார்த்தை இல்லை.

“தெரியும்” என்றாள் அவள். “ஊரில ஒருத்தரையும் விட்டுவெக்காத மனிசன். என்னட்டச் சந்தேகப்படுறதுக்குக்கூட ஒண்டும் இல்லையெண்டு நினைச்சிட்டீங்க.”

அவள் கண்ணில் கோபம் இல்லை. அவர் அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த நாளோ என்று பாட்டில் கேட்டிருந்தாள். இந்த நாள்தான்.

பிறகு எழும்பிப் போய், வண்டியில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு படலைக்கு நடந்தார். அதையாவது இன்றைக்குச் செய்து முடிப்போம் என்று குனிந்தபோது, றுக்கியா வாசலில் வந்து நின்றாள்.

“படலையில கை வெக்காதீங்க” என்றாள். “அந்தப் பாட்டு இன்னும் பதிஞ்சு முடியல்ல.”