சூட்டுப் புண்

மணத்தக்காளிக் கீரை தேங்காய்ப் பாலில் வேகும் வாசனை எந்த ஜன்னலிலிருந்து வந்தாலும் நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். வாய்ப்புண்ணுக்கு நல்லது என்பார்கள். என் அக்கா அந்தக் கீரையை ஐந்து மாதம் தின்றாள்.

எண்பதுகளின் தொடக்கம். அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையோரம் அக்காவும் மாமாவும் இட்லிக் கடை வைத்திருந்தார்கள். நான் டவுனில் டைப்பிஸ்ட். ஞாயிறானால் அங்கே போய்விடுவேன். அக்கா அடுப்புக்கு முன்னால் நிற்பாள், இடது கன்னத்தில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு. அந்த மேடு அவள் முகத்தோடு பிறந்தது போலிருக்கும்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, சட்னியில் காரம் பார்க்கச் சொல்லிக் கரண்டியை என்னிடம் நீட்டினாள். அதை அவள் யாரிடமும் விட்டதில்லை.

"நீயே பாரேன்க்கா."

"உள்ள புண்ணுடி. எரியுது."

இட்லி வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். "நெருப்பு மலை அடியில அடுப்பு வெச்சிகினு, புண்ணு வராம பூவா வரும்? சூடு ஜாஸ்தி, வேற இன்னா."

கண் சிவந்தால் சூடு. மூக்கில் ரத்தம் வந்தால் சூடு. கரு கலைந்தால்கூட சூடு. மலையையே நெருப்பென்று கும்பிடுகிற ஊரில் உடம்பு மட்டும் எப்படிக் குளிர்ந்திருக்கும்? அந்தச் சொல் கிடைத்ததும் நாங்கள் மேலே எதுவும் கேட்க மாட்டோம்.

சித்திரையில் எரிச்சல் நின்றது. சரியாகிவிட்டது என்றாள். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கன்னத்தின் உள்ளே கஞ்சி ஆடை போல வெள்ளை, நடுவில் சிவப்பாக ஒரு பள்ளம். விரலால் தொட்டேன். ஓரம் செருப்புத் தோல் மாதிரி கெட்டியாக இருந்தது.

"வலிக்குதா?"

"இல்லடி."

டார்ச்சை அணைத்துவிட்டேன். "சூடுதான்க்கா. ஆறிகினு வருது." இதைச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரி இல்லை, நான். படித்தவள் சொல்கிறாளே என்று அக்காவும் நம்பினாள்.

புகையிலை வலது கன்னத்துக்கு மாறியது. சோற்று உருண்டை சிறுத்தது. ஆனியில் எலுமிச்சை அளவு, ஆடியில் நெல்லிக்காய். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "இன்னாக்கா, புதுப்பொண்ணு மாரி சாப்புடற" என்று கிண்டலும் செய்தேன். வாய் திறக்காமல் சிரித்தாள். திறக்க முடியாமல்தான் அப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு உறைக்கவில்லை. தாடைக்குக் கீழே கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று நகராமல் நின்ற பிறகுதான் டவுனில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம்.

அவர் வாயைத் திறக்கச் சொன்னார். ஒரு விரல்தான் நுழைந்தது.

"எத்தினி நாளா இருக்குது?"

"பங்குனியிலேர்ந்துங்க" என்றார் மாமா. "சூடுங்க. ஊசி எதுனா போட்டா எறங்கிடும்."

"இது ஆவணி." டாக்டர் மாமாவைப் பார்க்கவில்லை, கையைக் கழுவிக்கொண்டே பேசினார். "சூட்டுப் புண்ணுன்னா ரெண்டு வாரத்துல, மிஞ்சிப்போனா மூணு வாரத்துல ஆறிடணும். ஆறலன்னா வந்து காட்டணும். ஏன் காட்டல?"

"வலி இல்லீங்க, அதான்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது யார் வாய்ப்புண் என்றாலும் எத்தனை நாளாகிறது என்று கேட்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டிருக்கிறேன். முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

டாக்டரைப் பார்த்த மறுநாள் காலை, பஸ் ஸ்டாண்டு. மாமா ஜன்னல் சீட்டுக்காக முன்னாலேயே ஏறிவிட்டார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். வாய் நாற்றம் எனக்குத் தெரியக் கூடாதாம். அன்று பஸ் ஏறியவள் அடி அண்ணாமலைக்குத் திரும்பவில்லை. அது அப்போது எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

ஏதாவது சொல்ல வேண்டுமென்று நின்றேன். என்னிடம் இருந்த ஒரே சொல்லை அந்த டாக்டர் முந்தின நாளே பிடுங்கிக்கொண்டுவிட்டார். கண்டக்டர் விசிலடித்தார். அக்கா படியில் கால் வைத்துத் திரும்பினாள். பல்லுக்குப் பின்னாலிருந்து, மெல்ல, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"கீரைய ஆஞ்சி முறத்துல வெச்சிருக்கேன்டி. வாடிடப் போவுது, நீ ஆக்கித் தின்னு. உனக்கும் சூடு ஜாஸ்தி."