வாசலில் கிடந்த இடக்கால் செருப்பு

மூன்று வருசத்துக்கு முந்தி, ஆவணி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாள், வல்வெட்டித்துறைப் பக்கத்திலை ஒரு பொது மண்டபத்திலை நடந்தது இது. நான் ஓய்வு பெற்ற டொக்டர். கொக்குவிலிலை இருக்கிறன். கொஞ்சம் வாய்க்காரி எண்டு ஊரிலை பெயர். அதையும் முதலே சொல்லிப்போடுறன்.

வேலை செய்ய ஏலாத ஆக்களுக்கு அரசாங்கத்தாலை மாதாமாதம் ஒரு உதவிக் கொடுப்பனவு குடுக்கிறவை. டொக்டர் பார்த்து "இவருக்கு வேலை செய்ய ஏலும்" எண்டு எழுதினால் அது கிடையாது. அந்த முடிவு பிழை எண்டு நினைக்கிறவை மேன்முறையீடு செய்யலாம். அதைக் கேட்க வேறை மூன்று டொக்டர்மாரை நியமிக்க வேணும். முதல் முடிவிலை கையெழுத்து வைச்ச ஒருத்தரும் அதிலை இருக்கக் கூடாது. இப்ப வேலையிலை இருக்கிற டொக்டர்மார் எல்லாரும் எங்கையாவது ஒரு கையெழுத்து வைச்சிருப்பினம். அதாலைதான் வீட்டிலை முருங்கை இலை ஆய்ஞ்சுகொண்டிருந்த என்னைத் தேடிப் பிடிச்சவை.

நியமனக் கடிதம் வந்த அண்டைக்கு எனக்குத் தலைகால் தெரியேல்லை. என்ரை மனுசன், "நீதவான் அம்மா, ஒரு பிளேன்ரீ கிடைக்குமோ?" எண்டு ஒரு கிழமையாப் பகிடி பண்ணினார். பண்ணட்டும். நான் கஞ்சி போட்ட சீலையைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலை போனன்.

போன உடனை நான் போட்ட முதல் சட்டம், செருப்பு வெளியிலை. நாற்பது வருசமா என்ரை கிளினிக்கிலை மண் செருப்போடை ஆரும் உள்ளை வந்ததில்லை. இங்கையும் தரையை அப்பதான் கழுவி விட்டிருந்தவை. "எல்லாரையும் கழற்றிப்போட்டு வரச் சொல்லுங்கோ" எண்டு வாசலிலை நிண்ட பியோனிட்டைச் சொன்னன். மற்ற இரண்டு டொக்டர்மாரும் வாயே திறக்கேல்லை. என்னோடை கதைச்சு வெல்ல ஏலாது எண்டு அவைக்குக் கெதியா விளங்கியிட்டுது.

மூன்றாவதா வந்தவர் ஒரு சுழியோடி. ஐம்பது வயசு இருக்கும். கடலுக்கு அடியிலை போய்ச் சங்கு எடுத்தவர். ஒருக்கா ஆழத்திலை இருந்து சட்டெண்டு மேலை வந்ததிலை முள்ளந்தண்டு நரம்பு பழுதாகி, இடக்கால் பலம் குறைஞ்சு போச்சு. ஆனால் முதல் பார்த்த டொக்டர், "துணையில்லாமல் நடக்கிறார்" எண்டு எழுதி மறுத்துப்போட்டார். இரண்டு வருசமா மனுசன் கடலுக்குப் போகேல்லை. பெண்சாதி கருவாடு காயப்போட்டு உழைக்கிறதிலைதான் அடுப்பெரியுது. நாங்களும் மறுத்தால் பிறகு அவருக்குப் போய்க் கேட்க ஒரு இடமும் இல்லை.

ஆள் எப்பிடி வந்தார் எண்டு நினைக்கிறியள்? குளிச்சு, திருநீறு பூசி, மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட்டோடை, வாசலிலை இருந்து மேசை வரைக்கும் கப்பல் கப்டன் மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தார். படுக்கவைச்சுப் பார்த்தம். காலை அமத்தச் சொல்லி, தூக்கச் சொல்லிப் பார்த்தம். பலம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் உந்தக் குறைவோடை எத்தினையோ பேர் வேலை செய்யினம்.

"நடக்கக் கஷ்டமோ?" எண்டு கேட்டன்.

"இல்லை டொக்டர், நடப்பன்."

"எவ்வளவு தூரம்?"

"தேவையான தூரம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. விண்ணப்பத்திலை ஏலாது, வாயிலை ஏலுமோ? பிறகென்ன கோதாரிக்கு எங்களை உந்த வெயிலுக்கை இழுத்தவர்? அவரை வெளி விறாந்தையிலை இருக்கச் சொல்லிப்போட்டு நாங்கள் மூன்று பேரும் கதைச்சம். மறுக்கிறதுதான் சரி எண்டு முதல் சொன்னது நான்தான். தேத்தண்ணி குடிச்சிட்டு எழுதுவம் எண்டு முடிவு. தேத்தண்ணிக்கு முதல் கை கழுவாமல் எனக்கு ஏலாது. எழும்பிப் பைப்படிக்குப் போனன்.

வாசலிலை என்ரை செருப்பைத் தேடேக்கைதான் ஒரு சோடி கண்ணிலை பட்டது. நீல றப்பர் செருப்பு. வலது கிட்டத்தட்டப் புதுசு. இடதோ, பெருவிரல் பக்கம் தேய்ஞ்சு தேய்ஞ்சு ஓட்டையாகி, தார் றோட்டுக் கறுப்பு ஏறிக் கிடந்தது. காலை விட்டுக் கழலாமல் இருக்கக் குதிப்பக்கம் பச்சை வலை நூலாலை ஒரு கட்டு. நான் குனிஞ்சு அதைக் கையிலை எடுத்தன்.

விறாந்தை வாங்கிலை இருந்த அந்த மனுசன் துள்ளி எழும்பினார். "ஐயோ டொக்டர்! அதைத் தொடாதேங்கோ!"

"எவ்வளவு நாளாப் போடுறியள்?"

அவர் தலையைக் குனிஞ்சுகொண்டார். பக்கத்திலை இருந்த பெண்சாதிதான் சொன்னா. "ஒன்றரை மாசம் டொக்டர். முந்தினதுகளும் இப்பிடித்தான் போனது. வீட்டிலை ஆறு வலக்கால் செருப்பு சும்மா கிடக்கு. உவர் ஒருத்தருக்கும் சொல்லமாட்டார்."

செருப்பைக் கொண்டுபோய் மேசையிலை, அவரின்ரை பைலுக்கு மேலை வைச்சன். மற்ற டொக்டர்மாரிலை ஒருத்தர் கதிரையைப் பின்னாலை தள்ளிக்கொண்டு, "என்ன உது, மேசையிலை செருப்பு!" எண்டார். "இதையும் ஒருக்காப் பரிசோதியுங்கோ" எண்டன்.

பிறகு அவரைச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லிப்போட்டு, நாங்கள் மூன்று டொக்டர்மாரும் அந்த உச்சி வெயிலுக்கை அவருக்குப் பின்னாலை றோட்டாலை நடந்தம். முதல் லைற் போஸ்ற் வரைக்கும் கப்டன் நடைதான். இரண்டாவதைத் தாண்ட, சர்... சர்... எண்டு இடக்கால் தாரிலை இழுபடுற சத்தம் கேட்டது. மூன்றாவதிலை ஒரு மதிலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டார். வெள்ளைச் சேட்டு முதுகோடை ஒட்டிப்போச்சு.

"போதும் தம்பி" எண்டன்.

"பத்தடி எண்டால் சமாளிச்சிடுவன் டொக்டர்" எண்டு சிரிக்கப் பார்த்தார். "கனபேருக்கு முன்னாலை நொண்டிக்கொண்டு வர வெக்கமா இருந்தது. முதல் தரமும் இப்பிடித்தான், செருப்பை வெளியிலை விட்டிட்டு உள்ளை போனனான். பெரியாக்களின்ரை அறைக்குள்ளை செருப்போடை எப்பிடி வாறது?"

கன்னத்திலை அறைஞ்ச மாதிரி இருந்தது. முதல் டொக்டரிட்டை அவர் மரியாதைக்குக் கழற்றினவர். என்னட்டை, நான் சட்டம் போட்டுக் கழற்றவைச்சனான். அந்தக் கால் என்ன பாடுபடுது எண்டு சொல்ல இருந்த ஒரே சாமானை நானே வெளியிலை விடச் சொல்லிப்போட்டு, பத்தடி நடையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லப் பார்த்திருக்கிறன்!

திரும்பி வந்து மூன்று பேரும் ஒரே மனதாக் கொடுப்பனவு குடுக்கச் சொல்லிக் கையெழுத்து வைச்சம். விசயத்தைச் சொன்ன உடனை அவர் கையைக் கூப்பினார். பெண்சாதி முந்தானையாலை கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "இனியாவது ஏலாத இடத்திலை ஏலாது எண்டு சொல்லுங்கோ" எண்டு அவரை ஏசினா. எனக்கும் ரெண்டு ஏச்சுத் தரச் சொல்லிக் கேட்கலாம் போலை இருந்தது.

வீட்டை வந்து மனுசனுக்குச் சொன்னன். பகிடி பண்ணுவார் எண்டு பார்த்தால், எழும்பிப்போய் அவரே பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வந்து தந்தார்.

இப்பவும் மேன்முறையீடு கேட்கப் போறனான். "செருப்போடையே உள்ளை வாங்கோ" எண்டுதான் முதல் வார்த்தை. தரை மண்ணாப்போனால் போகட்டும், கழுவலாம். அண்டைக்கு நான் கை கழுவ எழும்பாமல் இருந்திருந்தால் எண்டு நினைக்க இப்பவும் நெஞ்சு திக்கெண்டும். எழும்பினனே எண்டு நினைச்சுக்கொண்டுதான் இரவிலை நிம்மதியாக் கண்ணை மூடுறன்.