நூலகச் சுவரில் மகனின் பெயர்

எண்பத்தைந்தின் இலையுதிர் காலம். டென்மார்க்கின் வைலே நகரில் எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த நூலகத்தில் ஓர் ஓவியர் சுவர் முழுவதும் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். படம் எதுவும் கிடையாது. இனத்தின் பேரால் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள், கறுப்பு எழுத்தில், அவரவர் மொழியில். பதினாறு வயதான என் மகள், என்னைக் கேட்காமலே தன் அண்ணாவின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அன்று இரவுதான் எனக்குச் சொன்னாள். எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பில், தெருமுனையில் புகையைக் கண்டவுடன், எங்கள் பெயர்ப்பலகையைக் கத்தியால் நெம்பிக் கழற்றி அரிசி வாளிக்குள் புதைத்தேன். பயனில்லை. தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. மகனின் பெயரை வாசித்துத்தான் கூப்பிட்டார்கள். எங்களைப் பின்பக்கத்தால் அனுப்பிவிட்டு அவன் முன்கதவைத் திறந்தான்.

அதனால் டென்மார்க்கிலும் அஞ்சல் பெட்டியில் நான் பெயர் ஒட்டவில்லை. இரண்டு தடவை கடிதங்கள் திரும்பிப் போய்விட்டன.

மறுநாள் வேலை முடிந்ததும் மகளை இழுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன்.

"அழிக்கச் சொல்லு."

"அம்மா, இது அந்த லிஸ்ட் இல்லை."

"லிஸ்ட் எண்டால் லிஸ்ட்தான். சொல்லு."

ஏணியில் நின்ற ஓவியரைப் பார்த்து, நடந்தது எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். மகள் டேனிஷில் இரண்டு சொல் சொன்னாள்.

"நான் இவ்வளவு கதைச்சன், அவ்வளவுதானோ?"

"மிச்சத்தைச் சொல்ல எனக்குத் தெரியேல்லை, அம்மா."

ஓவியர் ஏணியிலிருந்து இறங்கி வந்து மெதுவாக ஏதோ சொன்னார்.

"பயப்பிட வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமையோடை எல்லாம் முடியுதாம். திங்கள் சுவர் முழுக்க வெள்ளை அடிச்சிடுவினமாம். விருப்பமெண்டால் அண்ணான்ரை பேரை இப்பவே அழிக்கலாமாம்."

நான் கேட்டு வந்தது அதைத்தான். ஆனால் அவர் தூரிகையை வெள்ளைச் சாயத்தில் தோய்த்ததும், "பொறுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். மகள் மொழிபெயர்க்கவில்லை. அவர் பொறுத்தார்.

ஏன் கத்தினேன் என்று இன்றும் தெளிவில்லை. அந்தப் பெயரை ஒருவரும் வாசித்துவிடக் கூடாது என்றும் இருந்தது. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும் என்றும் இருந்தது.

ஞாயிறு வரை தினமும் போனேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. வெள்ளையடிக்க வந்தவரிடம், மகள் டேனிஷில் எழுதித் தந்த துண்டை நீட்டினேன்: இந்தப் பெயரைக் கடைசியாக அடியுங்கள். அவர் வாசித்துத் தலையாட்டினார். வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரின் மறு அந்தத்துக்குப் போனார்.

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவன் பெயருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.