ஏழாவது நிபந்தனை

டீசல் விலை ஏறியதும் உப்பளக்காரர்கள் காற்றின் பக்கம் திரும்பினார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோர உப்பளம் ஒன்றில் உவர்நீர் இறைக்க இஞ்சின்களுக்குப் பதிலாக இரும்புக் காற்றாடிகளை வரிசையாக நிறுத்த வேண்டும் என்று அதன் முதலாளி விண்ணப்பம் போட்டிருந்தார். மாதிரிக்கு நிறுத்திய நான்கு ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தன. புதிதாக இயந்திரம் எதையும் நிறுவ எங்கள் அலுவலகத்தின் அனுமதி தேவை. அனுமதியோடு நிபந்தனைகளும் போக வேண்டும். அவற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அப்போதுதான் சேர்ந்திருந்த இளநிலைப் பொறியாளன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானதும் கல்யாணம் என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள்.

காற்றாடிக்கு என்ன நிபந்தனை எழுதுவது என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அரிசி ஆலைக்கு எழுதிய பழைய உத்தரவு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். கோபுரத்தைச் சுற்றி வேலி, பற்சக்கரத்துக்கு மூடி, பாதையிலிருந்து இத்தனை தூரம், மாதாமாதம் கிரீஸ் என்று ஆறு நிபந்தனைகள் சுலபமாக வந்துவிட்டன. ஏழாவது சத்தத்தைப் பற்றியது. அதில்தான் நின்றேன்.

உப்பளத்தின் வரப்பு முடிகிற இடத்தில் ஒரு கடற்கரை ஊர் இருந்தது. மாதா கோயில், அதைச் சுற்றி ஓலை வீடுகளும் சில ஓட்டு வீடுகளும். ஆண்களில் பாதிப்பேர் சங்கு குளிக்கிறவர்கள். பருவம் தொடங்கியதும் கிட்டங்கி என்கிற அரசாங்கச் சங்குக் கிடங்கில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வள்ளத்தில் போய், மூச்சடக்கி மூழ்கி, சங்கெடுத்து வருவார்கள். அந்த ஊரின் கடைசி வீட்டுக்கும் முதல் காற்றாடிக்கும் நடுவில் ஒரு உப்புப் பாத்தி வரிசைதான் இடைவெளி.

முதல் தடவை நான் போனது நல்ல வெயில் நேரத்தில். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரி அடித்தது. சக்கரங்கள் வேகமாகச் சுற்றின. காது கொடுத்துக் கேட்டேன். காற்றின் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் தனியாகக் கேட்கவில்லை. ஊர்ப் பெண்கள் சிலர் கிணற்றடியில் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, கடைசி வீட்டுக்காரி, சொன்னாள்: பகலில் ஒன்றும் தெரியாது, பொழுது சாய்ந்து காற்று தணியும்போதுதான் தெரியும். சக்கரம் நிற்காது, காற்றின் சத்தம் மட்டும் நின்றுவிடும். அப்புறம் பம்புத் தண்டு ஏறி இறங்குகிற தட்டும், பற்சக்கரம் இழுபடுகிற கிறீச்சும் விடிய விடியத் தலைமாட்டில் கேட்கும் என்றாள். பேறுகாலத்துக்கு வந்த மகள் வீட்டில் இருக்கிறாள், பிள்ளை பிறந்ததிலிருந்து யாருக்கும் தூக்கம் இல்லை என்றும் சொன்னாள்.

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. காற்றாடியின் பின்னால் மீனின் வால் போல ஒரு தகடு உண்டு. அதை மடக்கிச் சங்கிலியால் கட்டிவிட்டால் சக்கரம் காற்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றுவிடும். அன்றே ஏழாவது நிபந்தனையைப் பென்சிலில் எழுதினேன்: சூரியன் மறைந்ததும் வாலை மடக்கிக் கட்ட வேண்டும், உதயத்துக்குப் பிறகே அவிழ்க்க வேண்டும்.

உப்பளத்துக் கணக்கப்பிள்ளை அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சார், காத்துக்கு டயம்டேபிள் போடுத மொத ஆளு நீங்கதான். காலையில கையெழுத்து வாங்கிட்டு உள்ள விடணுமா?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, பெண்கள் எதையாவது சொல்வார்கள், ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டு எழுதுங்கள் என்றார். அதுதான் முறை என்று எனக்கும் பட்டது. சத்தத்தை அளக்க எங்களிடம் கருவி கிடையாது. நம்பிக்கையான ஒருவரின் காதுதான் கருவி.

அவர் காட்டிய பெரியவர், அந்தக் கடைசி வீட்டுக்காரர். கிணற்றடியில் பேசியவளின் கணவர். ஊரில் மூத்த குளியாள். அகன்ற மார்பு, உப்பில் வெளுத்த புருவம். மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் அவரை அவர் வீட்டு வாசலிலேயே நிற்கவைத்து, சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டேன். அப்போது காற்று தணிந்திருந்தது. தட்டு, கிறீச், தட்டு, கிறீச். எனக்கு நன்றாகவே கேட்டது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமா? என்ன சத்தம்? கடலுச் சத்தந்தான்."

சுற்றி நின்ற ஆண்கள் ஒன்றும் பேசவில்லை. மூத்தவர் சொன்னபிறகு அதற்கு மேல் பேசுவது அங்கே வழக்கமில்லை. மேலும், குளி இல்லாத மாதங்களில் அவர்களில் பலர் அதே உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர்கள். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் குறித்துக்கொண்டேன்.

திரும்பும்போது வரப்பில் பெரியவர் எனக்கு முன்னால் நடந்தார். பின்னால் ஒரு சைக்கிள் வந்தது. மணி அடித்தது. நான் ஒதுங்கினேன். அவர் ஒதுங்கவில்லை. சைக்கிள்காரன் விடாமல் அடித்துக்கொண்டே அவர் முதுகு வரைக்கும் வந்துவிட்டான். அவர் மனைவி எங்கிருந்தோ ஓடிவந்து, ஏதோ சொல்ல வந்தவள்போல அவர் முழங்கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். இழுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபட்டதை அவளும் பார்த்துவிட்டாள்.

நான் பஸ்ஸுக்கு நின்ற இடத்துக்கே வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள். சின்ன வயதிலிருந்து ஆழத்தில் மூழ்கி மூழ்கி அவர் காது இரண்டும் போய்விட்டன. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியும், வெளியே யாரும் சொல்வதில்லை. அந்த வருஷம் கிட்டங்கிக்கு வந்த புது அதிகாரி, காது கேட்காதவர்களைக் கடலில் இறக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

"அவிய காதப் பத்தி எழுதிராதீங்க சார். சீட்டு போச்சுன்னா அவிய செத்துருவாவ. ஆனா ராத்திரில அத நிப்பாட்டச் சொல்லுங்க. ஒங்களுக்கு வழி தெரியும்லா, படிச்சவிய."

பார்க்கிறேன் என்றேன்.

வழி இருந்தது. அதை என் மேலதிகாரியே சொன்னார். மறுநாள் கோப்பைப் பார்த்தவர், ஏழாவது நிபந்தனையின் மேல் விரலை வைத்தார். ஊர்ப் பெரியவர் சத்தமே இல்லை என்கிறார், நீர் நிறுத்தச் சொல்கிறீர், எதை வைத்து என்று கேட்டார். பிறகு அவரே வழியும் சொன்னார்.

"ஒமக்குச் சந்தேகம் இருந்தா ஒரு ராத்திரி அங்கன போய்த் தங்கும். நீரே கேட்டுட்டு, நான் கேட்டேன்னு எழுதும். ஒம்ம கையெழுத்துப் போதும்."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பெரியவரின் பேச்சைப் பொய் என்று எழுத வேண்டாம். அவர் காதைப் பற்றி ஒரு வார்த்தை எழுத வேண்டாம். பொறியாளர் இரவில் நேரில் கேட்டார் என்று ஒரே ஒரு வரி.

நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைப் பல வருஷங்கள் பலரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெரியவரின் பிழைப்பைக் காப்பாற்றவே விட்டுவிட்டேன் என்று என் மனைவியிடம் சொன்னேன், அவள் நம்பினாள். அது உண்மையில்லை. சங்குச் சதை காய்கிற நாற்றம் அடிக்கும் ஊரில் ஒரு இரவு பாய் விரித்துப் படுப்பதை நான் கேவலமாக நினைத்தேன். அதோடு, உப்பள முதலாளிக்கு மாவட்டத்தில் எல்லோரையும் தெரியும். என் ஒருவன் காதை நம்பி ஒரு வரி எழுதினால் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகுமோ என்று பயந்தேன். ஏழாவது நிபந்தனையை அடித்தேன். அதற்குப் பதிலாக, பொதுமக்களுக்கு இடையூறு இல்லாதபடி இயக்க வேண்டும் என்று அரிசி ஆலை உத்தரவில் இருந்த வரியை அப்படியே போட்டேன். உத்தரவு போயிற்று. கச்சான் காலம் முடிவதற்குள் காற்றாடிகள் வரிசையாக எழுந்துவிட்டன.

அந்த வருஷம் சங்குப் பருவம் தொடங்கியபோது எனக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. மூழ்கியவன் மேலே வரும்போது வள்ளத்திலிருந்து கத்துவார்கள். இந்தப் பக்கம் வராதே, வள்ளத்தின் அடிமரம் தலையில் இடிக்கும், விலகு என்பார்கள். அது அவருக்குக் கேட்காது. அது தெரிந்த வெளியாள் நான் ஒருவன்தான். எழுதாததால் அவர் வீட்டாரின் தூக்கம் போயிற்று. சொல்லாததால் அவர் உயிரே போய்விடுமோ என்று நினைத்தேன். சாயங்காலங்களில் வேலையே இல்லாமல் கிட்டங்கிப் பக்கம் சைக்கிளில் போவேன். வள்ளங்கள் கரை சேர்ந்து, ஆட்கள் சங்கைக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தில் வெளுத்த புருவத்தைத் தேடுவேன். கண்டதும் திரும்பிவிடுவேன். ஒருநாள் காணவில்லை. டீக்கடையில் யாரைக் கேட்பது, என்னவென்று கேட்பது என்று தெரியாமல் நின்றேன்.  பிறகு தெரிந்தது, அன்று பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். அவர் கடலுக்கே போகவில்லை.

ஊருக்குள் மட்டும் போகமாட்டேன். அந்தப் பெண்ணைப் பார்க்க வேண்டிவரும்.

மறுவருஷம் உரிமத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. முதலாளி இன்னொரு வரிசைக் காற்றாடிகளுக்கும் சேர்த்து மனுப் போட்டார். ஊரிலிருந்து எழுத்தில் எந்தப் புகாரும் இல்லை. யார் கொடுப்பார்கள்? மூத்தவர் சத்தமில்லை என்று சொன்ன ஊர் அது. அவர் மனைவி கைநாட்டு வைத்தால் புருஷனைப் பொய்யனாக்க வேண்டும். கணக்கப்பிள்ளை விசாரணை நாளன்று பெரியவரையே கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். சலவை வேட்டி, கழுத்தில் சிலுவை. போன தடவை சொன்னதைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதான் என்று கணக்கப்பிள்ளை என்னிடம் சொன்னார்.

மேலதிகாரி கேள்வியைக் கேட்டார். பெரியவர் அவர் வாயைப் பார்க்கவில்லை. கேள்வி முடிவதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"போன தடவ நான் சொன்னது பொய். எனக்குக் காது கேக்காது. எழுதிக்கிடும்."

 அவர் குரல் தேவைக்கு மேல் உரத்திருந்தது. அது எப்போதும் அப்படித்தான் இருந்தது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அவர் சொன்னது இதுதான். முந்தின வாரம் உடம்பு சரியில்லாமல் வழக்கத்துக்கு முன்பே விழித்திருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. தேடிக்கொண்டு போனவர், மாதா கோயில் வராந்தாவில் மனைவி, மகள், பேரப்பிள்ளை மூவரும் பாய் விரித்துத் தூங்குவதைப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இன்னும் நாலைந்து வீட்டுப் பெண்கள்.

"நான் ஒறங்கினப்புறம் போயிருக்காளுவ. நான் முழிக்கதுக்கு முந்தி வந்து படுத்திருக்காளுவ. ஒரு வருசமா. எனக்குத் தெரியக்கூடாதுன்னு."

கணக்கப்பிள்ளை எழுந்து அவர் தோளைத் தொட்டார். "அண்ணாச்சி, என்ன பேசுதியன்னு தெரிஞ்சு பேசுங்க. சீட்டு போயிரும்." பெரியவர் அவர் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"போவட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. தெரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர் போலத்தான் கேட்டார்.

"ஒமக்குக் காது நல்லாத்தான கேக்கும்? ஒரு ராத்திரி வந்து கெடந்திருந்தீர்னா நான் இங்க வரண்டாம்லா?"

 அவர் காத்திருந்தார். நான் ஏதோ சொல்லி அது தனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, என் வாயை இன்னும் கூர்ந்து பார்த்தார். நான் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டியிருந்தது. எழுதினால்தான் ஏழாவது நிபந்தனைக்கு ஆதாரம் கிடைக்கும். அது திரும்ப வந்தது. இந்த முறை மையில். புது வரிசைக்கும் அதே நிபந்தனை. செய்தி கிட்டங்கிக்குப் போகப் பத்து நாள் கூட ஆகவில்லை. அடுத்த பருவத்தில் சீட்டுக்கு அவர் பெயரைக் கூப்பிடவில்லை. அதிகாரி செய்தது சரிதான். நானாக இருந்தாலும் அவரை இறக்கியிருக்கமாட்டேன். என் வேலை அந்த மாதம் நிரந்தரமாயிற்று.

நிபந்தனை நடைமுறையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாயங்காலம் போனேன். வாலை மடக்கிக் கட்ட உப்பளத்தில் ஒரு ஆள் வைத்திருந்தார்கள். அவர்தான். ஒவ்வொரு கோபுரமாகப் போய், சங்கிலியை இழுத்துக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டு, இரும்புக் காலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். சக்கரம் மெதுவாகி நின்றது எனக்குக் கேட்டது. அவர் அதன் பிறகும் கையை எடுக்கவில்லை. இரும்பில் அதிர்வு முழுக்க அடங்கியது கையில் தெரிந்தபிறகுதான் அடுத்ததற்கு நகர்ந்தார்.

வரப்பில் நான் நிற்பதைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்தார். இன்னும் ஒரு வரிசை பாக்கி இருந்தது, பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவர் நடந்தார்.