தலைதீபாவளிக்கு வாங்கிய பெட்டிக் கேமரா

அந்தக் காலத்தில் குற்றாலத்தில் சொந்தமாகக் கேமரா வைத்திருந்த ஓட்டல்காரன் நான் ஒருத்தன்தான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். கேட்பதற்கு இப்போது ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. சீசன் கடையில் எச்சில் இலை எடுத்தேன், பிறகு தோசைக்கல் பிடித்தேன், முப்பது வயதுக்குள் அருவிக்குப் போகிற பாதையில் என் சொந்த ஓட்டலைப் போட்டேன். கைகொடுத்துத் தூக்கிவிட ஒருத்தர் கிடையாது. தாய் தகப்பன் முகமே நினைவில் இல்லை. பெண் கேட்கவும் நானேதான் போனேன். என் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே என்று அரிசிக்கடைக்காரரைக் கூட்டிப்போனேன்.

பெண் வீடு தென்காசியில், பெரிய கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. மாடி வீடு. மாமனாருக்கு ஜவுளிக்கடை. ஒவ்வொரு சீசனுக்கும் குளிக்க வந்தால் என் கடையில்தான் சாப்பிடுவார். என் சாம்பாரைத் தின்று பார்த்துவிட்டுத்தான் அந்த மனுஷன் பெண்ணைக் கொடுத்தார் என்று நான் பெருமையாகவே சொல்லுவேன். ஆனால் கல்யாணப் பந்தியில் அவர்கள் வகையறாவில் ஒருத்தர், "மாப்பிள்ளைக்கு இலை போடவும் தெரியும், எடுக்கவும் தெரியும்லா" என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சிரித்ததோடு போகவில்லை அது.

அந்த வருஷம் தலைதீபாவளி. தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகும்போது மாப்பிள்ளை என்ன கொண்டுபோவான்? இனிப்புக் கொண்டுபோவான், பழம் கொண்டுபோவான். நான் கேமரா கொண்டுபோவது என்று முடிவு கட்டினேன். அந்தத் தெருவில் ஒருத்தன் வீட்டிலும் கேமரா கிடையாது. சீசனுக்கு வந்து தங்கிய ஒரு மதுரைக்காரரிடம் பேசி, அவர் கழுத்தில் தொங்கியதைக் கழற்றி வாங்கினேன். கறுப்புப் பெட்டி. வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலே உள்ள சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். அமுக்கினால் படம். வேறு வித்தை ஒன்றும் கிடையாது.

வாசலில் என் வீட்டுக்காரி மத்தாப்பு பிடித்து நிற்பதை எடுக்க வேண்டும். மாடியிலிருந்து வாணம் போவதை எடுக்க வேண்டும். ராத்திரி வெளிச்சத்தில் எப்படி எடுப்பது என்று தென்காசி ஸ்டூடியோக்காரனிடம் கேட்கப் போனேன். என் வயதுக்காரன், வாய் நீளம்.

"அண்ணாச்சி, இட்லிச் சட்டி மாதிரி அடிக்கடி திறந்து பாத்துராதிய. உள்ள ஒண்ணும் வேகாது."

"வேகுதா வேகலையான்னு பிறகு பாரும்வே. வாணம் எடுக்கதுக்கு வழியைச் சொல்லும்."

பக்கவாட்டில் இருந்த சின்னத் தகட்டைக் காட்டினான். "இதை இழுத்து விட்டுட்டு அமுக்குங்க. கண்ணு திறந்தபடியே இருக்கும். எத்தனை வாணம் போகுதோ அத்தனையும் ஒரே படத்துல கோடு கோடா விழும். திரும்ப அமுக்கினாத்தான் மூடும். அதுவரைக்கும் கேமரா அசையப்படாது. கையில பிடிக்காதிய, எதுலயாவது வைங்க."

ஒரு தடவை சொன்னால் எனக்குப் போதும். படித்தவனுக்குத்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரியை அவள் அம்மா முன்னாலேயே வந்து கூட்டிப்போயிருந்தாள். போகும்போது வீட்டுக்காரி, "எங்க மாடியில நின்னு வாணம் விட்டா குத்தாலத்துக்கே தெரியும்னு எங்க அண்ணன் சொல்லுவான்" என்று சொல்லியிருந்தாள். என்னை அழைக்க அந்த அண்ணன்தான் வர வேண்டும். மாப்பிள்ளையை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் முறை. புது வேட்டியை மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கடைப் பையன்களை ஊருக்கு அனுப்பியாகிவிட்டது.

தீபாவளிக்கு முந்தின நாளும் வந்தது. மைத்துனன் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் தென்காசி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கடை வாசலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, உங்க மச்சான் சொல்லி விட்டாவ. ஜவுளிக்கடையில கூட்டம் நெரியுதாம், நகர முடியலையாம். தப்பா நினைக்காம இந்த பஸ்லயே வந்திரணுமாம்."

"ஏன்வே, உம்ம பஸ்ல பார்சல் வரும், தெரியும். மாப்பிள்ளை அழைப்பும் வருமோ?"

"எனக்கு என்ன அண்ணாச்சி தெரியும்? டிக்கெட் போடுதது எம் வேலை. ஏறுதியளா, விசில் கொடுக்கட்டுமா?"

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக என்னையே பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தருக்கும் நான் யார் என்று தெரிந்திருக்காது. ஆனால் பந்தியில் சிரித்தவர் அத்தனை ஜன்னலிலும் உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்கு இருந்தது.

"விசிலைக் கொடும்வே" என்றேன்.

பஸ் போய்விட்டது. சீசன் முடிந்த குற்றாலத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பாதி கடைக்குத் தட்டி கட்டியிருக்கும். குரங்குகள் நடுரோட்டில் உட்கார்ந்து பேன் பார்க்கும். அன்றைக்கு அதுகளும் குடும்பம் குடும்பமாகத்தான் உட்கார்ந்திருந்தன. உலை வைக்க மனசில்லாமல், காலையில் சுட்டதில் மிஞ்சிய இரண்டு தோசையைத் தின்றேன்.

சாயங்காலம் கேமராவை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் மலைச்சரிவில் இருக்கிற பாறைக்கு ஏறினேன். காசு கொடுத்து வாங்கின பொருளைச் சும்மா வைப்பானேன்? அங்கிருந்து பார்த்தால் இலஞ்சித் தோப்பு முழுக்கத் தெரியும். அதற்கு அப்பால் தென்காசி. அந்தக் காலத்தில் தென்காசிக் கோபுரம் இப்போது மாதிரி இல்லை, மேலே இடிந்து, நடுவில் பிளந்து நிற்கும். அதை வைத்துத்தான் மாமனார் வீட்டைக் கணக்குப் பண்ணினேன். கோபுரத்துக்கு வலப்பக்கம்.

துண்டை நாலாக மடித்துப் பாறையில் போட்டு, அதன்மேல் கேமராவை வைத்தேன். கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும்போதே தகட்டை இழுத்துவிட்டு அமுக்கினேன்.

முதல் வாணம் தென்காசியில் எழும்பியது. பிறகு ஆங்காங்கே. இலஞ்சியில் தென்னைக்கு மேலே ஒன்று சிவப்பாக உதிர்ந்தது. ஒன்றுக்கும் சத்தம் இல்லை. என் முதுகுக்குப் பின்னால் அருவி இரைந்துகொண்டிருந்தது, வேறு எதையும் அது கேட்க விடவில்லை. ஊர் முழுக்க வெடிக்கிறது, எனக்கு மட்டும் ஊமையாக வெடிக்கிறது. கேமரா அசையக் கூடாது என்று நானும் அசையவில்லை. மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டேன்.

அப்போது கோபுரத்துக்கு வலப்பக்கம் ஒரு வாணம் போனது. மற்றதையெல்லாம் கீழே விட்டுவிட்டு உசரமாகப் போய், பச்சையாக விரிந்தது. இதுதான், அவர்கள் மாடிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மைத்துனன் பற்ற வைத்திருப்பான், இவள் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பாள். மாப்பிள்ளை வராவிட்டால் என்ன, வாணம் போகிறது. அது உதிர்ந்து அடங்குகிறவரை பார்த்துவிட்டுத் திரும்ப அமுக்கிக் கண்ணை மூடினேன். சுருளில் மிச்சம் இருந்தும் மேற்கொண்டு எடுக்கத் தோன்றவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் மைத்துனன் அவளைக் கொண்டுவந்து விட்டான். அடுக்குப் பாத்திரத்தில் முந்திரிக்கொத்தும் அதிரசமும் இருந்தன. நான் வாங்க என்றேன், அவன் வாரேன் என்றான். அவ்வளவுதான் பேச்சு.

படம் கழுவி வந்தது. ஸ்டூடியோக்காரனே வாயைப் பிளந்தான். "குத்தாலத்துல இருந்தா எடுத்திய?" என்று மூன்று தடவை கேட்டான். கோபுரம் நெல்மணி அளவுக்குப் பிளவோடு விழுந்திருந்தது. அதைச் சுற்றி வெள்ளை நூலைப் பிய்த்துப் போட்ட மாதிரி வாணங்கள். வலப்பக்கத்தில் அந்த உசரமான நூல்.

வீட்டுக்காரியிடம் நீட்டினேன். "பாத்தியா, உங்க வீட்டு வாணம். என் கண்ணுக்கும் தப்பல, கேமராவுக்கும் தப்பல."

அவள் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"இது எங்க வீடு இல்ல. இது ரெண்டு தெரு தள்ளி."

"அப்போ உங்க வீடு எங்க?"

கோபுரத்துக்கும் அந்த நூலுக்கும் நடுவே விரலை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கறுப்பாக இருந்தது.

"அங்கன ஒரே இருட்டால்லா இருக்கு?"

"எல்லா வெடியும் கூடத்துலயே இருந்துச்சு. நீங்க வந்துதான் முத வெடி போடணும்னு அப்பா சொல்லிட்டாவ. அண்ணன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு, கடைசி பஸ் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல நின்னான்."

"பிறகு?"

"பிறகு என்ன. வந்து, எல்லாத்தையும் எடுத்து அலமாரியில வச்சான்."

"அதை அவன் இங்கன வந்து சொல்லியிருக்கலாம்லா" என்றேன். அவள் படத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். முறை முறைதான், இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

அந்தப் படத்தைப் பெரிசாக்கிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினேன். சீசனுக்கு வந்த டாக்டர், வக்கீல் எல்லாரும் நின்று பார்த்துவிட்டு, "யார் எடுத்தது?" என்று கேட்பார்கள். நான்தான் என்பேன். ஓட்டலை விற்றபோது அதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துவிட்டாள். மைத்துனனும் இல்லை. வருகிறவர்கள் இப்போதும் வாணங்களைத்தான் பார்க்கிறார்கள். நான் அவள் விரல் வைத்த இடத்தைப் பார்ப்பேன்.

மறு வருஷம் மைத்துனன் நேரில் வந்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தான். போனேன். சாயங்காலம் எல்லாரும் மாடிக்கு ஏறினோம். மாமனார் அலமாரியைத் திறந்து, போன வருஷத்து வாணங்களை எடுத்துவரச் சொன்னார். "இதெல்லாம் மாப்பிள்ளையோட பங்கு" என்று என் முன்னால் வைத்தார். நான்தான் பற்ற வைத்தேன். ஓர் ஐப்பசி, ஓர் ஆடிச் சாரல் முழுக்க அலமாரியில் கிடந்து நமத்துப்போயிருந்தன. திரி எரிந்தது. கொஞ்சம் புகைந்து சீறிவிட்டு, வைத்த இடத்திலேயே அடங்கின. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. கேமராவைக் கொண்டுபோயிருந்தேன். பையிலிருந்து எடுக்கவில்லை.