மலைப்பூனை பார்க்கப் போனோம்

மகளுக்கு அப்போது பதினொரு வயது. மொன்ட்ரியாலில் பிறந்தவள். மாரிக் குளிர் தொடங்கினால் ஒரே கேள்விதான், லிங்ஸ் பார்க்க எப்போது போவது என்று. லிங்ஸ் என்றால் மலைக்காட்டில் திரிகிற பெரிய பூனை. காது நுனியில் கறுப்பு மயிர் நீட்டிக்கொண்டு நிற்கும். மனிதர் கண்ணில் படுவது அருமை. அவளுடைய அறைச் சுவர் முழுக்க அதன் படம்.

கடைசியில், வழிகாட்டியோடு மலைக்குப் போகும் ஒரு கூட்டத்தில் எங்கள் இருவரையும் சேர்த்தேன். நான் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சமையல் வேலை. லீவு எடுத்ததைக் கேட்டு, கூட வேலை செய்த அண்ணை சிரித்தார்.

"பூனை பாக்கவோ? எங்கட குப்பை வாளியடியில நிக்குது, வந்து பார்."

"இது மலைப்பூனை, அண்ணை."

"அப்ப கடிக்கும். கவனம்."

வழிகாட்டி ஒரு கியூபெக் பெண். விடிந்ததும் எங்களை மலைச் சரிவு ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தி ஏதோ சொன்னாள். என் பிரெஞ்சு குசினியோடு சரி. மகள்தான் காதுக்குள் சொன்னாள்.

"கதைக்கக் கூடாதாம். அசையக் கூடாதாம். அசைஞ்சா அது ஓடிடுமாம். மூக்கு உறிஞ்சவும் கூடாது."

"அவ அப்பிடிச் சொன்னவவோ?"

"மூக்கு நான் சொல்றது."

நின்றோம். அப்படி ஒரு குளிரை நகரத்தில் நான் கண்டதில்லை. கால் விரல் இருப்பதே தெரியவில்லை. மகள் கல்லுமாதிரி நின்றாள்.

வெகு நேரத்துக்குப் பிறகு வழிகாட்டி மெல்ல விரலை நீட்டினாள். பள்ளத்துக்கு அப்பால், மரங்களுக்கு இடையில், சாம்பல் நிறமாக ஏதோ அசைந்தது. மகளுக்கு அது பிடிபடவில்லை. என் கையைப் பிடித்து, சத்தம் இல்லாமல் "எங்க?" என்றாள்.

அப்போதுதான் வெடித்தது. ஒரே ஒரு வெடி, பக்கத்திலேயே.

எப்படி விழுந்தேன் என்று தெரியாது. முகம் பனிக்குள் கிடந்தது. மகளை இழுத்து விழுத்தக் கையை நீட்டினேன். அவள் எனக்கு முதலே கீழே கிடந்தாள். முழங்கை இரண்டையும் ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல் தூக்கி, காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருந்தாள்.

ஊரில் பிளேன் குண்டு போட வந்தால் நாங்கள் அப்படித்தான் படுப்போம். நெஞ்சு நிலத்தில் பட்டால் குண்டின் அதிர்வு தாக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவளுக்கு நான் சொல்லவில்லை. தாயும் சொல்லவில்லை. சண்டைக் கதை பிள்ளையின் காதில் விழக் கூடாது என்பது வீட்டில் நாங்கள் இருவரும் எடுத்த முடிவு.

மற்றவர்கள் எல்லோரும் நின்றபடி எங்களைப் பார்த்தார்கள். வழிகாட்டி ஓடிவந்து ஒரு மரத்தைக் காட்டினாள். கடுங்குளிரில் மரம் அப்படி வெடித்துப் பிளக்குமாம்.

"ஆர் உனக்கு இப்பிடிப் படுக்கச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்ல. சத்தம் கேட்டா இப்பிடித்தானே படுக்கிறது." நின்றவர்களைப் பார்த்தாள். "அவை ஏன் படுக்கேல்ல?"



நகரின் வடக்கே, மொன்ட்ரியால்-நோரில், எங்கள் வீட்டுக்குக் கோடையில் வாணவெடிச் சத்தம் கேட்கும். அவள் சின்னவளாய் இருந்த காலத்தில் எங்களை அறியாமலே குசினித் தரையில் அப்படியே விழுந்து படுப்போம், அவளை நடுவில் வைத்து. பிறகு சிரித்து, கிச்சுக்கிச்சு மூட்டி, விளையாட்டு என்று சொல்லுவோம். அதை அவள் மறந்துவிட்டாள் என்று இருந்தேன்.

"லிங்ஸ்?" என்றாள்.

"ஓடிட்டுது."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"சாம்பலாய் ஏதோ கண்டன்."

"நான் காணேல்ல."

அழவில்லை. எழும்பிப் பனியைத் தட்டிக்கொண்டு, பூனையின் கால் தடம் பார்க்க மற்றவர்களோடு பள்ளத்துக்கு அப்பால் போனாள்.

நான் எழும்பி அந்த இடத்திலேயே நின்றேன். அவள் படுத்த இடத்தில் இரண்டு முழங்கைக் குழி, ஆழமாக. நடுவில், நெஞ்சு இருந்த இடத்தில், பனி கலையாமல் கிடந்தது.

"அப்பா, வாங்கோ. கால் தடம் கிடக்கு. என்ர கையை விடப் பெரிசு."

சப்பாத்தால் பனியைத் தள்ளி இரண்டு குழியையும் மூடினேன். பிறகு போனேன்.